ஏழு காட்டாத காபி

என் காபியை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். கெஞ்சி அல்ல. திருடி அல்ல. விஞ்ஞான முறைப்படி.

திருடிப் பார்த்தாயிற்று. சரிப்படவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு நெஞ்செரிச்சல். சாப்பிட்டால் எரிச்சல், படுத்தால் புளித்த ஏப்பம். என் மனைவி என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா வயிற்றை நாலு இடத்தில் அழுத்தினார்.

"வயித்துக்கும் தொண்டைக் குழாய்க்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு சார். உங்களுக்கு அது தளர்ந்துபோச்சு. அமிலம் மேல ஏறுது. காபியை நிறுத்துங்க."

"காபியோட பி.எச். அஞ்சு," என்றேன்.

பி.எச். என்பது ஓர் அளவு. ஏழு என்றால் நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

"அதனால?" என்றார் டாக்டரம்மா.

"வயித்து அமிலம் ஒண்ணரை. ஒண்ணரையில அஞ்சை ஊத்தினா அமிலம் நீர்த்துப்போகத்தானே செய்யும்? நீங்க காபியைக் கூட்டச் சொல்லணும்."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "சார் என்ன வேலை பார்த்தார்?"

"காகித ஆலையில, லேபுல. இப்பத்தான் ரிடையர் ஆனார். வீட்லதான் இருக்கார்."

"பாவம்," என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு சொன்னார்: "காபி அமிலத்தைக் கொண்டுபோய் ஊத்தறதில்ல சார். வயித்தை அதிகமா சுரக்க வைக்குது. கதவையும் இன்னும் தளர்த்துது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றே காபித்தூள் டப்பா வீட்டை விட்டுக் காணாமல் போயிற்று. அரிசி டின்னில் கைவிட்டேன். பீரோவில் புடவைகளுக்கு நடுவே துழாவினேன். குளியலறை மச்சு வரைக்கும் ஏறினேன். மச்சில் ஒரு பழைய செருப்பு ஜோடி இருந்தது. என்னுடையதுதான். கல்யாணமான புதிதில் தொலைந்துபோயிற்று என்று என் மனைவி சொன்ன ஜோடி.

எதிர்வீட்டில் ஒரு ரெஃபரி இருக்கிறார். பள்ளிக்கூட வாலிபால் ஆட்டங்களுக்கு விசில் ஊதுபவர். விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். சவரம் செய்துகொள்ளும்போதும் தொங்கும். ஒரு நாள் காலை அவர் வீட்டு வாசலிலிருந்து மணம் வந்தது. என் காபியின் மணம். என் காபியை எனக்குத் தெரியாதா.

கதவைத் தட்டினேன்.

"டப்பா இங்கயா இருக்கு?"

"இங்கதான் சார் இருக்கு. அக்கா கொடுத்து வச்சிருக்காங்க. யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு."

"நான் கேட்டாலுமா?"

"உங்க பேரைச் சொல்லித்தான் சார் கொடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்போ நீ மட்டும் எப்படிக் குடிக்கறே?"

"காவல் கூலி சார்."

இப்படி ஒரு மாதம் போயிற்று. காலையில் எனக்கு ஒரு கோப்பை வெந்நீர். மாலையிலும் வெந்நீர். அவளும் வெந்நீர்தான் குடித்தாள். சாயங்காலமானால் தலைவலி என்று நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பாத்திரங்களை வைக்கிற சத்தம் எதிர்வீடு வரை கேட்கும். கேட்டால் வெயில் என்பாள். வெயில்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

வாதாடிப் பார்த்தேன். அவள் துடைப்பத்தோடு இருந்த நேரம்.

"ரத்தத்தோட பி.எச். ஏழு புள்ளி நாலு. நான் காபி குடிச்சாலும் அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் சாப்பிட்டாலும் அவ்வளவுதான். நகராது. ஏன் தெரியுமா?"

"ரத்தம் நகர வேண்டாம். நீங்க நகருங்க. பெருக்கணும்."

நகர்ந்தேன். ஆனால் விடவில்லை.

"ரத்தத்துல பைகார்பனேட் இருக்கு. அமிலம் வந்தா பிடிச்சு அமுக்கிடும். காரம் வந்தா அதைச் சமாளிக்க அதுக்குக் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். மிஞ்சின வாயுவை நுரையீரல் ஊதி வெளிய தள்ளிடும். இதுக்குத் தாங்கல் கரைசல்னு பேரு. பஃபர். இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது."

"அந்த வேலையைத்தான் நான் உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். காலைத் தூக்குங்க."

"உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கும்னு சொல்றேன்."

"அப்போ மூணு தலையணை அடுக்கி வச்சு உக்கார்ந்தபடியே தூங்கறது யாரு? ரத்தமா?"

வாயால் இவளிடம் ஜெயிக்க முடியாது. ஆலையில் கழிவுநீரை ஆற்றில் விடலாமா வேண்டாமா என்று அதிகாரிகள் அடித்துக்கொள்ளும்போது நான் என்ன செய்வேன்? பேச மாட்டேன். பி.எச். மீட்டரை எடுத்து மேஜைமேல் வைப்பேன். எண் வரும். எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்றபோது அந்தப் பழைய மீட்டரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பரணிலிருந்து இறக்கினேன். தூசு தட்டினேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"இதோ பார். சண்டை வேண்டாம். காபி அமிலம்னுதானே நிறுத்தினே? மீட்டரை வச்சுப் பார்த்துடுவோம். ஏழு காட்டினா அமிலம் இல்லைன்னு அர்த்தம். அப்புறம் நீ தடுக்கக்கூடாது."

"ஏழுக்குக் கீழ காட்டினா?"

"காபின்ற பேச்சையே நான் எடுக்கமாட்டேன்."

"அஞ்சுன்னு டாக்டரம்மாகிட்ட நீங்களேதானே சொன்னீங்க?"

"அது வெறும் காபி. நான் என் விருப்பத்துக்குச் சேர்த்துக் குடிப்பேன். சர்க்கரையோ, வேற எதுவோ. நான் எப்படிக் குடிக்கிறேனோ அந்தக் காபியைத்தான் சோதிக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சேர்த்துக்குங்க. என்ன வேணா சேர்த்துக்குங்க. ஆனா சேர்த்ததை முழுசா நீங்களே குடிக்கணும். ஏழு வந்தாலும் வராட்டியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கால் ஸ்பூன் சமையல் சோடா. அவ்வளவுதான் விஷயம். சோடா காரம், காபி அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு ஏழுக்கு வந்து நிற்கும். ருசியில் பெரிதாகத் தெரியாது. மனதிலேயே கணக்குப் போட்டேன். ஒத்திகை பார்க்கவில்லை. ஒத்திகை பார்ப்பவன் கணக்குத் தெரியாதவன்.

நடுவர் யார் என்று கேட்டாள். ரெஃபரியைக் கூப்பிட்டோம். டப்பாவோடு வந்தார். டப்பா லேசாகிவிட்டிருந்தது. அந்தக் கணக்கை ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூடியை என் மனைவிதான் திறந்தாள். திறந்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுத்தாள். பறிகொடுக்கப்போகிற பொருளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மீட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. ஏழு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கரைசலில் அதன் மூக்கை நனைத்து, "இதுதான் ஏழு" என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு தாங்கல் கரைசல்தான். மாத்திரையாக விற்கிறார்கள். வெள்ளையாக, அட்டையில் நாலு, ஏழு, பத்து என்று எண் போட்டு. ஒன்றை எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் போதும். ஏழில் நனைத்த பிறகு நாலிலும் நனைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு புள்ளி. அது சட்டம். ஒரே புள்ளியோடு திருப்திப்பட்ட உதவியாளர்களை ஆலையில் நான் வாசலில் நிற்க வைத்திருக்கிறேன்.

அது ஆலை. இது வீடு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. மூக்கில் காபி மணம். ஒரு மாதமாக வெந்நீர் குடித்த மனுஷன் இரண்டாவது புள்ளிக்கெல்லாம் காத்திருக்க முடியாது.

அதோடு மாத்திரை கரைப்பது என் வேலை அல்ல. ஆலையில் அதற்கு ஆள் உண்டு. வீட்டில் ஆள் யார்?

"மீட்டர் பெட்டியில இருக்கிற ஏழாம் நம்பர் மாத்திரை ஒண்ணை எடுத்து இந்தத் தண்ணியில கரைச்சு வை," என்றேன்.

"சரிங்க," என்றாள்.

அவள் மறுபேச்சில்லாமல் 'சரிங்க' சொல்லும் நாளில் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். அன்று ஜாக்கிரதையாக இல்லை. அவள் அடுக்களை மேடையில் முதுகைக் காட்டி நின்று கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கோப்பையின் அடியில் கால் ஸ்பூன் சோடாவைத் தூவிக்கொண்டிருந்தேன். எனக்கு என் வேலை.

கரைசல் வந்தது. மீட்டரை நனைத்தேன். குமிழைத் திருகி ஏழில் நிறுத்தினேன். காபியை வடித்து என் கோப்பையில் ஊற்றினேன். பால் கிடையாது. கறுப்பு. மெல்ல நுரைத்தது. அது சோடாவின் வேலை.

"என்ன சார் நுரைக்குது?" என்றார் ரெஃபரி.

"நல்ல தூள்."

ஆறவிட்டோம். மூவரும் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேன். மனுஷன் பொய் சொல்வான். டாக்டர் தப்புச் சொல்வாங்க. என் மீட்டர் சொன்னது இதுவரைக்கும் தப்பினதில்ல. இது காட்டறதுதான் தீர்ப்பு. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள்.

ரெஃபரி விசில் ஊதினார். மீட்டரை இறக்கினேன்.

நாலரை.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நாலரைதான்.

"நாலரை," என்று ரெஃபரி உரக்கச் சொன்னார். மைதானத்தில் சொல்கிற குரல். "ஏழுக்கு இன்னும் ரெண்டரை."

"எனக்குத் தெரியும். கழித்தல் எனக்கும் வரும்."

மனைவி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மீட்டர் சரியில்லையோ என்னவோ. பழசு. வேணும்னா மறுபடி பார்த்துக்குங்களேன்."

"என் மீட்டரா?"

"சும்மா சொன்னேன்."

"என் மீட்டரைப் பத்தி நீ சொல்லாதே."

அவள் எனக்குத் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்துவிட்டாள் என்பதும், அதை நானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

காபி கொஞ்சம் கடுமை போலிருக்கிறது என்று நினைத்தேன். சோடா டப்பாவை வெளிப்படையாகவே எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன்.

"சோடாவா?" என்றார் ரெஃபரி.

"என் விருப்பத்துக்குச் சேர்ப்பேன்னு சொல்லியிருக்கேன். விதியில இருக்கு."

ரெஃபரி என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "விதியில இருக்கு தம்பி. சேர்க்கட்டும்."

ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். ஐந்து. பரவாயில்லை, ஏறுகிறது. இன்னொரு ஸ்பூன். ஐந்து புள்ளி இரண்டு. இன்னொன்று. ஐந்து புள்ளி மூன்று. நாலாவது ஸ்பூன்.

ஐந்து புள்ளி மூன்று.

நகரவில்லை. ஐந்தாவதைப் போட்டேன். எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றதுபோல் நின்றது. ஆறாவதைப் போட்டபோது அடியில் வெள்ளையாகப் படிந்தது. ஸ்பூன் நெறுநெறு என்றது.

"ஏன் சார் நகரமாட்டேங்குது?"

"தாங்குது," என்றேன். "பஃபர் ஆயிடுச்சு. சோடா அளவுக்கு மீறிப்போனா அதுவே தாங்கல் கரைசல் ஆயிடும். எவ்வளவு போட்டாலும் எட்டு சொச்சத்துலயே நிக்கும்."

சொன்ன பிறகு எனக்கே ஏதோ இடித்தது. எட்டு சொச்சத்தில் நிற்க வேண்டியது ஏன் ஐந்தில் நிற்கிறது? ஆனால் யோசிக்க விட்டால்தானே.

"துணி துவைக்கிற சோடா இருக்கு, தரட்டுமா?" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அது இன்னும் காரம்னு நீங்கதான் சொல்வீங்க."

"வேண்டாம்."

"அப்போ ஆட்டம் முடிஞ்சுதா?"

ஸ்பூனைக் கீழே வைத்தேன். ரெஃபரி நீளமாக விசில் ஊதினார். இரண்டு கையையும் விரித்து என் மனைவியின் பக்கம் காட்டினார்.

"குடிங்க," என்றாள்.

"இதையா?"

"சேர்த்ததை முழுசா குடிக்கணும். விதியில இருக்கு."

பேச்சு மாறும் ஆள் நான் இல்லை. கோப்பையைத் தூக்கினேன். அந்த ருசியை எப்படிச் சொல்வது. சோப்பை உப்பில் ஊறவைத்து, அதில் எரிந்த கட்டையைக் கரைத்த மாதிரி. மூன்றாவது மிடறில் கண்ணில் நீர் வந்தது. அடிவண்டலை அவள் ஒரு ஸ்பூனைக் கொடுத்து வழித்துக்கொள்ளச் சொன்னாள்.

கோப்பையை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அமிலமும் சோடாவும் சந்தித்தால் வாயு வரும். வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம். தளர்ந்த கதவு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாரே, அந்தக் கதவு படாரென்று திறந்தது.

அந்த ஏப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ரெஃபரி பழக்கதோஷத்தில் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஊதவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவர். காலி டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, இல்லை, முழுக்கக் காலியில்லை, அடியில் கொஞ்சம் இருந்தது, வீட்டுக்குப் போய்விட்டார்.

மீட்டரை அப்படியே விட முடியாது. கழுவித்தான் வைக்க வேண்டும். குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து அதன் மூக்கை முக்கினேன். எண்ணைப் பார்த்தேன்.

நாலேகால்.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஏழேகால். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே அளந்தேன். நாலேகால் என்றால் பல் கூசும். குடித்துப் பார்த்தேன். கூசவில்லை.

எல்லாம் மூன்று கம்மி. ஏழில் மூன்றைக் கூட்டினால் பத்து.

அடுக்களைக்குப் போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பத்தாம் நம்பரைக் கரைச்சிருக்கே."

"ஆமா."

'ஆமா' என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வசனத்தை யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இது மோசடி."

"கோப்பை அடியில முன்கூட்டியே சோடா தூவி வச்சீங்களே, அது என்ன? விஞ்ஞானமா?"

"நீதான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியே."

"நின்னேன். எனக்கு எதிர்ல எவர்சில்வர் தட்டு சாத்தி வச்சிருக்கு. உங்க முழங்கை வரைக்கும் தெரிஞ்சுது."

"பத்தைப் போட்டா மூணு குறையும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? எவனோ ஒரு பையன் ஏழுக்குப் பதிலா பத்தைக் கரைச்சுட்டான், சாயங்காலம் வரைக்கும் எல்லா எண்ணும் மூணு கம்மின்னு ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில கத்தினீங்களே. சோறு ஆறிப்போகும். நான் தலையாட்டிக்கிட்டே இருப்பேன். காதுல விழலைன்னு நினைச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இவ்வளவும் எதுக்கு? நேரா சொல்லியிருக்கலாமே."

"டாக்டரம்மா சொன்னாங்க, கேட்கலை. நான் சொன்னேன், கேட்கலை. மீட்டர் சொன்னாத்தான் கேட்பீங்க. அதான் மீட்டரை விட்டுச் சொல்ல வச்சேன்."

நான் நிமிர்ந்து நின்றேன். என் உறுதி இன்னும் போகவில்லை. மோசடி நடந்திருக்கிறது. மோசடி நடந்தால் ஆட்டம் செல்லாது. அது எந்த ரெஃபரிக்கும் தெரியும்.

"ஆட்டம் செல்லாது," என்றேன். "ஏழைக் கரைச்சு மறுபடி வைக்கணும்."

"எதுக்குங்க வீண் சிரமம்? நீங்களே ஜெயிச்சதா வச்சுக்குங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். டப்பாவின் அடியில் இருந்ததை வழித்துப் போட்டாள். வடித்தாள். சர்க்கரை போட்டாள். என் கோப்பையிலேயே, கழுவி, வழிய வழிய ஊற்றி என் கையில் கொடுத்தாள். சோடா இல்லை. நல்ல காபி. கறுப்பாக, ஆவி பறக்க.

"குடிங்க. தடுக்கலை."

ஒரு மாதம் இதற்காகத்தான் பாடுபட்டேன். மச்சில் ஏறினேன், எதிர்வீட்டு வாசலில் நின்றேன், பரணில் தூசு தின்றேன். கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். மணம் மூக்கில் ஏறியது. கூடவே நெறுநெறு என்ற அந்த வண்டல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. கதவு மறுபடி திறக்கப் பார்த்தது.

மறுபடி முயன்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு முயன்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டும் முயன்றேன்.

"வேண்டாம்," என்றேன்.

"நிஜமாவா?"

"வேண்டாம்னா வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"நான் தடுத்தேன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

"இனிமே வீட்ல காபி மணம் வந்தா உங்களுக்கு ஆசை வராதே?"

"மணமா? தயவுசெஞ்சு ஜன்னலைத் திற."

அவள் ஜன்னலைத் திறந்தாள். கோப்பையை என் கையிலிருந்து வாங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடினாள்.

"ஒரு மாசமாச்சு," என்றாள். "உங்க எதிர்ல குடிச்சா உங்களுக்கு ஆசை வருமேன்னு நானும் விட்டேன். தலைவலி உயிரை எடுத்துடுச்சு."

"வெயில்னு சொன்னியே."

"வெயில் எங்க அடிச்சுது? மாசம் பூரா மழை."

யோசித்துப் பார்த்தேன். மழைதான் பெய்தது.

அவள் கோப்பையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். "சர்க்கரை ஒரு அரை ஸ்பூன் கம்மி. நாளையிலேர்ந்து நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க. உங்களுக்குத்தான் அளவெல்லாம் துல்லியமா வருமே."

மறுநாள் காலையில் முதலில் எழுந்தேன். கடைக்குப் போய்ப் புதுத்தூள் வாங்கி வந்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காபி போட்டேன். ஒரே ஒரு கோப்பை.